நீ சொல்ல வந்த சாட்சி

இன்று காலை ஆராதனை முடிந்ததும் மாத்திரையை வாயில் போட்டேன். பெப்பர்மிண்ட் வாசனை அடித்தது. மாத்திரைக்கு அந்த வாசனை கிடையாது. உன்னுடைய தகர டப்பாவுக்கு உண்டு. என் மனைவி இறந்தபின் தூக்கம் கெட்டு, காரணமில்லாத பயமும் பிடித்து, விருதுநகரில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்வருகிறேன். அதைக் கேள்விப்பட்டு உன் மனைவி இந்த டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். "அவுக மாத்திர வச்சிருந்தது. நீங்க வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நீ போர்மேன். மருந்து அறை வெடித்த அன்று நீ டீ குடிக்க வெளியே வந்திருந்தாய். உள்ளே இருந்தவர்கள் உன் ஆட்கள். அதன்பிறகு கதவு சாத்தும் சத்தத்துக்கே தரையில் குந்திவிடுவாய். வீட்டில் தீக்குச்சி கிழிக்க விடமாட்டாய். நான் பள்ளி வாத்தியார், சபைச் செயலர். எந்த நாளுக்கு யார் என்று முறை வைத்து, உன் வீட்டுக்கு ஜெபிக்க ஆள் அனுப்பினேன். அன்பாகத்தான் வந்தார்கள். "விசுவாசத்துல பெலப்படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன் நோய் உன் குறையாக ஆகிவிட்டது.

கண் காட்டப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டு, உன் மனைவி உன்னை மதுரைக்கு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். சில மாதங்களில் நீ தூங்கினாய். "ஏலே வாத்தியாரே, மழையே பெய்யாத ஊர்ல யாருக்குலே குடை?" என்று என் கைக்குடையைக் காட்டிப் பழையபடி என்னைக் கேலி செய்தாய்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாய். மறுநாள் ஆலயத்தில் சொல்லப்போகும் சாட்சியைச் சொல்லிக்காட்டினாய். "கர்த்தர் எனக்குத் தூக்கம் குடுத்தாரு. மதுரை டாக்டர வச்சு, மாத்திரைய வச்சு குடுத்தாரு."

"நல்லா இருக்கு. டாக்டர், மாத்திரைன்னு வாரத மட்டும் விட்டுரு. விசுவாசத்துல பலவீனமானவங்களுக்கு இடறலாயிரும்" என்றேன்.

நீ சிரித்தாய். "அம்புட்டுப் பேரும் அசனச் சாப்பாட்டுப் பந்தியில உக்காந்து சுகர் மாத்திர முழுங்குறாக. அது இடறல் இல்லையாலே?"

"அது வேற."

"எப்பிடி வேற?"

உண்மையைச் சொன்னால், இடறலைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. சபையார் என்ன பேசுவார்களோ என்ற பயம்தான். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, உனக்காக" என்றாய்.

டாக்டரும் மாத்திரையும் போனபின், நீ குணமாக எடுத்த மாதங்களுக்கும் அந்தக் கதையில் இடமில்லை. மறுநாள் ஆலயத்தில், கர்த்தர் ஒரே இரவில் பயத்தை எடுத்துப்போட்டார் என்று சொன்னாய். சபை ஆர்ப்பரித்தது. அச்சங்குளம், எம். புதுப்பட்டி என்று ஊர் ஊராக ஜெபக்கூட்டங்களுக்கு உன்னைக் கூட்டிப்போனார்கள். உன்னைப்போலவே வெடிச்சத்தம் காதைவிட்டுப் போகாதவர்கள் அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டார்களோ. அவர்களும் ஒரே இரவுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

நீ மாத்திரைகளைப் பெப்பர்மிண்ட் டப்பாவுக்கு மாற்றினாய். பிறகு மாத்திரையையே நிறுத்திவிட்டாய். "சாட்சி சொல்லிட்டு மறைவா முழுங்குறது ஆண்டவர்ட்டப் பொய் சொல்ற மாதிரி இருக்குலே" என்றாய். பொய் மாத்திரையில் இல்லை, சாட்சியில் இருக்கிறது, அது நான் சொல்லவைத்த பொய் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஜெபிப்போம்" என்றேன்.

பயம் திரும்பி வந்தது. சாட்சி சொன்ன மனிதன் மறுபடி நடுங்கிக்கொண்டு எப்படி ஆலயத்துக்கு வருவான்? நீ வரவில்லை. உறங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாய் என்று உன் மனைவி சொல்வாள். கடைசியில் இருதயம் நின்றது. அடக்க ஆராதனையில் அந்தச் சாட்சியைச் சொல்லித்தான் உன்னைப் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

இன்று நான் டப்பாவை மூடும்போது, பாடகர் குழுவில் பாடும் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன மாத்திர ஐயா?" என்றார்.

"சுகர்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"அப்பிடியா... நீங்க தூக்கத்துக்கு டாக்டரப் பாக்குறதா சொன்னாக. என் தம்பி தூங்கி ரொம்ப நாளாச்சு. யார்ட்டக் காட்டலாம்னு கேக்க வந்தேன். ஆளு மாத்திச் சொல்லிருப்பாக போல." சொல்லிவிட்டு, கேட்டதே தப்பு என்பதுபோல் வேகமாகப் போய்விட்டார்.

நாளை அவர் வீட்டுக்குப் போகவேண்டும். போவாயா என்று நீ கேட்பாய். எனக்கும் உறுதியில்லை. டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு மாலையிலிருந்து தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். கர்த்தர் எனக்குத் தூக்கம் கொடுத்தார். டாக்டரை வைத்து, மாத்திரையை வைத்துக் கொடுத்தார். மாத்திரை என்னும் இடம் வரும்போது குரல் இறங்கிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.