உன் கதையை அப்பா வாசிச்சுட்டாரு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் கிருபையில இங்க நாங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடிட்டு இருக்கோம், நீயும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டுதான் பேனாவை எடுத்தேன். போன்ல சொல்லலாம்னா நீ கூப்பிடுற நேரமெல்லாம் அப்பா பக்கத்துலயே இருக்காரு. இப்ப ஏதோ தையல் மெஷினுக்கு பெல்ட் வாங்கப் போயிருக்காரு, வர்றதுக்குள்ள எழுதி முடிச்சுடணும்.

பத்திரிகையில வந்த உன் கதை நம்ம சபைக்கு வந்து சேர்ந்துடுச்சு. மருந்துக்கடைக்காரர் சம்சாரம் அதைப் பெண்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, கதையில வர்ற சபை மூப்பர் வீட்டு மருமக பாத்திரம் கழுவிக்கிட்டே கடவுள்கிட்ட சண்டை போடுற இடத்தைச் சத்தமா வாசிச்சா. எனக்கு உக்காந்த இடத்துலயே வேர்த்துப்போச்சு. பாட்டுக்கு டிரம் செட் வேணும்னவங்களும் வேண்டாம்னவங்களும் இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசல, உன் கதைதான் அவங்களை ஒரே பெஞ்சில உக்கார வச்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை போதகர் ஐயா, சினிமாவும் போனும் பிள்ளைங்களை இழுத்தது போதாதுன்னு இப்ப நம்ம பிள்ளைங்களே நம்மளை எழுதி விக்குதுங்கன்னு பிரசங்கத்துல சொன்னாரு. பேர் சொல்லல, ஆனா சபையே திரும்பி எங்களைப் பாத்துச்சு. கோவிச்சுக்காத, அவர் சொன்னதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது. கண்டதையும் படிச்சா மனசு கெடும்னு சொல்லித்தான் உன்னை வளத்தேன், இன்னைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

மறுநாள் போதகரும் ஆமென் மாமாவும் அப்பாவோட மெஷின் ரிப்பேர் கடைக்கே வந்துட்டாங்க. உங்க மக மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதி அனுப்பட்டும், அதுவரைக்கும் நீங்க ஆராதனையில வேதம் வாசிக்க வேண்டாம்னு சொன்னாரு போதகர். எதுக்கெடுத்தாலும் ஆமென் போடுற மாமா அன்னைக்குத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பா எண்ணெய்க் கையைத் துடைச்சுக்கிட்டு, நான் இன்னும் அதைப் படிக்கல ஐயா, படிச்சுட்டு சொல்றேன்னாரு. கடையைப் பூட்டிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வேதம் வாசிக்கிற மாதிரியே விரல் வச்சு ஒரு எழுத்து விடாம படிச்சாரு. நான் அடுப்படியில இருந்து எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். முடிச்சதும் சட்டையை மாத்திக்கிட்டு நேரா போதகர் வீட்டுக்குப் போனாரு, நானும் பின்னாலயே ஓடினேன். வாசல்ல நின்னபடியே சொன்னாரு, ஐயா இந்தக் கதை எனக்குப் பிடிக்கல, என் மக இப்படி எழுதினது வலிக்குது, ஆனா ஜெபம் வராம தவிக்கிறவங்க நம்ம பெஞ்சுலயே இருக்காங்க, இதுல பொய் இல்ல, பொய் இல்லாததுக்கு மன்னிப்புக் கேளுன்னு நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன். போதகர், அப்ப வாசிப்பு வேற ஆளுக்குத்தான்னாரு. அவரும் கல்நெஞ்சக்காரர் இல்ல, கேட் வரைக்கும் கூட வந்து எங்களை வழியனுப்பினாரு.

இப்ப மருந்துக்கடைக்காரர் வாசிக்கிறாரு, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி. முன்னெல்லாம் அப்பா வாரம் பூரா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டே ஞாயித்துக்கிழமைப் பகுதியைச் சத்தமா சொல்லிப் பாப்பாரு. இப்ப கடையில மெஷின் சத்தம் மட்டும்தான். சாப்பாடும் பாதியாக் குறைஞ்சுடுச்சு.

ஆனா என் பயம் சபையைப் பத்தி இல்ல கண்ணு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லன்னு விட்டுடுவேன். சாப்பாட்டு மேசை ஜெபத்துல அந்த மருமகப் பொண்ணு மத்தவங்களுக்காக மட்டும் கண்ணை மூடுறான்னு எழுதியிருக்கியே, அந்த இடத்துல அப்பா விரல் அப்படியே நின்னுடுச்சு. போன தடவை நீ வந்தப்ப ஜெபத்துக்கு நடுவுல உன்னை ஓரக்கண்ணால பாத்தேன், நீ கண்ணை மூடித்தான் இருந்த. அப்ப சந்தோஷப்பட்டேன், இப்ப அதுவும் எங்களுக்காகத்தானோன்னு தோணுது. அப்பா உன்கிட்ட கேக்க மாட்டாரு, நான் கேக்குறேன். அந்தப் பொண்ணு நீயா? எதுவா இருந்தாலும் எழுது, என் மனசு நோகக்கூடாதுன்னு மாத்தி எழுதாத. ஆமான்னா அவருக்கு நானே நேரம் பாத்து பக்குவமா சொல்லிக்கிறேன்.

தலை ஈரத்தோட வெளிய போகாத. நீ நம்பினாலும் நம்பாட்டியும் கர்த்தர் உன் பக்கத்துலயே இருக்கட்டும். பதிலை மட்டும் பக்கத்து வீட்டு டீச்சர் பேருக்குப் போடு, நம்ம வீட்டுக்கு வந்தா அப்பாதான் முதல்ல பிரிப்பாரு.

உனக்காக முழங்கால் போடுற,
அம்மா