செவ்வாய்க்கிழமை சேமித்த பத்திரிகை

காலையில் நம் டைப்பிங் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பாழாய்ப்போன பெட்டி, தேதி அது பிறந்த வருஷத்துக்கே போய் நின்றது. உள்ளே கடிகார செல் தீர்ந்துவிட்டது. டிராயரைத் துழாவினால், ரப்பர் பேண்டுகளுக்கு அடியில் உறை பிரிக்காத ஒரு பொத்தான் செல் கிடந்தது. நீ வாங்கி வைத்தது. எப்போது வாங்கினாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

செல்லை மாட்டி, தேதியும் மணியும் சரிபண்ணிவிட்டு, உன் மகள் கல்யாணப் பத்திரிகை இருக்கிற பைலைத் தேடி எடுத்தேன். பக்கத்தில் கடைசியாகச் சேமித்த தேதி இருந்தது. நீ செத்துப்போன அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம். அன்றைக்குச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தாய். வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. தள்ளிப்போன கல்யாணத்தைத் தை மாதம் வைத்திருக்கிறார்கள். பத்திரிகையைத் திருத்தி இன்றைக்கே ராஜபாளையம் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். திருத்திச் சேமித்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை போய்விடும். எனக்கு அலுப்பாக இருந்தது டே. எல்லாமே அலுப்பாக இருக்கிறது.

பைல் தேதியில் உனக்கு இருந்த கிறுக்கு ஊருக்கே தெரியும். சேத்தூர் தாய்மாமன் சங்கதிக்கு அப்புறம் பிடித்த கிறுக்கு அது. ஒரு வீட்டுப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போனது என்று வந்து சொன்னார்கள். நீயும் சேர்த்து, வேறு பேரில் சேமித்தாய். அன்றைக்குக் கரண்ட் போய் வந்ததில் கடிகாரம் பின்னால் ஓடியிருந்ததை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திருத்தின பைல் பழைய தேதியோடு பட்டியலின் அடியில் போய்விட்டது. மேலே நின்றதுதான் புதுசு என்று நீ அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். மாமன் பேர் இல்லாமலே அத்தனை பத்திரிகையும் அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்தும் முடித்தார்கள்.

சேத்தூருக்கு நாம் இரண்டு பேரும் பைக்கில் போனோம். அந்த மாமன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பத்திரிகையில இல்லாத மாமன் மேடையில எதுக்குலே? மாலையையும் நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார். நீ கடிகாரம், தேதி என்று விளக்கப் போனாய். "ஏலே, யாருக்குக் காது குத்துத? கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாதாம்ல!" மறுபடி அச்சடித்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு திரும்பப் போய் நின்ற பிறகுதான் மனுஷர் இறங்கி வந்தார்.

மறுநாளிலிருந்து, சாமி படத்துக்குப் பூப் போடுகிறதுக்கு முன்னால் நீ கம்ப்யூட்டர் மணியைப் பார்த்தாய். ஒரு வேலைக்கு ஒரே பைல் என்று சட்டம் போட்டாய். யாராவது பழைய பத்திரிகையைப் பார்க்கக் கேட்டால் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாய். "சும்மா பாக்கதுக்குத் தொறந்தா சும்மா மூடு. சேவ் குடுத்துத் தொலைக்காத. தொடாத பைல் தொட்டதாக் காட்டக் கூடாது, தொட்டது தொடாததாவும் காட்டக் கூடாது." வீட்டுக்காரி பிறந்தநாளை வருஷா வருஷம் மறந்துவிட்டுத் திட்டு வாங்குகிற ஆள், இதை மட்டும் மறக்க மாட்டாய். நான் எம்புட்டுக் கேலி பண்ணியிருப்பேன்!

பதினொரு மணி வாக்கில் உன் வீட்டுக்காரியும் கல்யாணப் பெண் பாப்பாவும் மம்சாபுரத்திலிருந்து வந்தார்கள். உன் நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "அவிய பேரக் கீழயிருந்து எடுத்து மேல போட்டுருங்கண்ணே" என்றாள் உன் வீட்டுக்காரி. அதைச் சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை.

பாப்பா உன் மகள்தானே, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "சேவ் குடுத்தா அப்பா தேதி போயிருமே மாமா. இத அப்படியே விட்டுட்டு வேற பேர்ல பண்ணுங்களேன்" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் நீ வரவேற்கிற பத்திரிகை ஒன்றும், நீ இல்லாத பத்திரிகை ஒன்றும் ஒரே பெட்டிக்குள் கிடக்கும். அவசரத்தில் என் கை எதை எடுக்கும் என்று எனக்கே தெரியாது. உன் பேரை அழைக்கிறவராகப் போட்டு ஊரெல்லாம் பத்திரிகை போனால், உன் வீட்டுக்காரி எத்தனை வாசலில் நின்று பதில் சொல்வாள்? "பழைய தேதியத் திரும்பப் போட்டுவிடுத சாப்ட்வேர் இருக்கு மாமா" என்றும் சொன்னாள். "அதச் செஞ்சா ஒங்கப்பன் என்னைய மன்னிக்க மாட்டான் தாயி" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பொறவு அழுதாள்.

கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்கு அடியில் இருந்த உன் பேரை எடுத்தேன். அந்த இடத்தில் உன் வீட்டுக்காரி பேரை அடித்தேன். மேலே மணமகள் பேருக்கு முன்னால் உன்னைக் கொண்டுபோய் வைத்து, 'தெய்வத்திரு' என்று அடித்தேன். எத்தனை பேருக்கு அடித்த வார்த்தை! கை தானாக ஓடும். இன்றைக்கு எழுத்து எழுத்தாகத் தப்பியது. அழித்து அழித்து அடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியை ஒரு தடவை சரிபார்த்தேன். சேவ் கொடுத்தேன்.

இன்றைய தேதி வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசியாகத் தொட்டது நான் என்கிறது. உண்மைதான், நான்தான் தொட்டேன்.

அவர்கள் போன பிறகு சாப்பிடப் பிடிக்காமல் இதை எழுதுகிறேன். நீ கடைசியாகச் சேமித்த நாள் இனி எந்தப் பெட்டியிலும் இல்லை. அது எனக்கும் பாப்பாவுக்கும்தான் தெரியும். எனக்கு வயசாகிறது, அலுத்தும் போய்விட்டேன். இருந்தாலும் யார் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்லிவிடுவேன். செவ்வாய்க்கிழமை, சாயங்காலம், தெருவிளக்கு போட்ட நேரம். மகள் பேரைக் கொஞ்சம் பெரிய எழுத்தாக்கிவிட்டு, "நல்லாருக்காலே?" என்று என்னைக் கேட்டாய்.