நீ நிறுத்திய பெண்டுலம்

டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்க இன்று காலை ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். அந்த ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாதாம். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு கூட்டு வைத்துத் தொழில் செய்தவர்கள் இல்லை.

பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. நீ பாதியில் விட்டுவிட்டுப் பாட்டு, மேடை என்று போனாய். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். தேரடித் தெருவில் துணிக்கடைக்கு மேல் மாடியில் ஸ்டுடியோ போட்டபோது, மெஷின் என் பொறுப்பு, ஆட்கள் உன் பொறுப்பு என்று பேச்சு. தவணையில் வாங்கிய மெஷின். மூன்று தவணை தவறினால் ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் மணிக்கணக்கில் வாடகை; பாட வந்தவர்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை. ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டாய்?

ஒப்புக்கொண்டுவிட்டு, பாட்டைப் பதியும் ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் பாடும் அறைச் சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாய். "டிக் டிக்னு மைக்ல ஏறுதுடா" என்றாய். நம்பினேன். டேக் முடிந்ததும் தட்டிவிடுவாய். நின்ற இடத்திலிருந்து ஓடும். ஊருக்கெல்லாம் மணி ஆறு என்றால் நமக்கு நாலு. அதைப் பார்த்துத்தான் பில். "ரெண்டு மணி நேரம்கூட ஆவலைங்க" என்று வந்தவர்களிடம் இளிப்பாய். அவர்கள் டீ குடித்த நேரத்துக்கும் தொண்டையைச் செருமிய நேரத்துக்கும் காசு வாங்கினோம். பாடிய நேரம் இலவசம். இப்படி ஒரு ஸ்டுடியோ உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

கடிகாரத்தைக் கழற்றி, மெஷின் அறையில் என் தலைக்கு மேல் மாட்டினேன். பாடும் அறைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு கண்ணாடி. பெண்டுலத்தை ஆடவிட்டு, மைக்கைத் திறந்துவைத்து, உன் காதில் ஹெட்போனை மாட்டினேன்.

"கேக்குதா?"

"கேக்கலை."

"அப்புறம் ஏன்டா நிறுத்தறே?"

"மைக்குக்குக் கேக்கலைடா. பாடறவங்களுக்குக் கேக்குது."

அந்தக் கண்ணாடியைத் தாண்டி எந்த மனிதக் காதுக்கும் கேட்காது என்று கத்தினேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். "நீ ஜாஸ்தி படிச்சுட்டே, அதான்" என்று சிரித்தாய். அன்றைக்கு உன் சட்டையைப் பிடித்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். மறுநாளும் பெண்டுலத்தை நிறுத்தினாய்.

போன கார்த்திகையில் இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. உன் கண் மஞ்சளாகியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாடா என்றேன்.

"தீபம் முடியட்டும்டா. கீழ்பென்னாத்தூர் அம்மாங்க பாட வராங்க. வாக்கு குடுத்துட்டேன்."

"உன் ஈரல் இன்னா, அந்தம்மாங்க தேதிக்குக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"கீழாநெல்லி குடிக்கிறேன்ல, போடா."

அவர்கள் வந்தார்கள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இன்னொரு கையால் பெண்டுலத்தைப் பிடித்தாய். வழக்கம்போல் பாதி பில். தீபம் முடிந்து பஸ்ஸில் உன்னை வேலூருக்குக் கொண்டுபோனபோது, உன்னைத் திட்ட வேண்டிய டாக்டர் என்னைத் திட்டினார். நீ திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு கடிகாரத்தை நான் தொடவில்லை. ஓடிய நேரத்துக்கு முழுக் காசு. பாக்கித் தவணையை அடைத்தேன். மெஷின் இங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பாட்டு கெட்டது. நல்ல குரல்கள்கூட அவசரப்பட்டன, வரி மறந்தன. மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன். எதிலும் கோளாறு இல்லை.

போன வாரம் கீழ்பென்னாத்தூர் அம்மாக்கள் மறுபடியும் வந்தார்கள். முன்னால் நின்று பாடும் அம்மா நான்காவது முறையாகத் தடுமாறியபோது எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"இன்னாம்மா ஆச்சு? போன வருஷம் நல்லா பாடினீங்களே?"

"அந்தக் கடியாரத்தக் கொஞ்சம் மறைச்சு வெச்சா தேவலைங்க. அது இப்டியும் அப்டியும் ஆடறதப் பாத்தா எங்க காசு போறாப்பலயே கீது. அந்தத் தம்பி இருந்தப்போ புடிச்சு நிறுத்திடும்."

"டிக் டிக்னு கேக்குதாம்மா?"

"கேக்கலைங்க. கண்ணுல படுது."

கண்ணில் படுகிறது! மடையா, இதை ஏன்டா சொல்லவில்லை? சத்தத்தையே படித்தவனிடம் 'கேக்குது' என்றாயே. நானும் காதையே பிடித்துக்கொண்டு உன்னோடு மல்லுக்கு நின்றேன். 'தெரியுது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா?

ஆணியைப் பிடுங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியாத பக்கச் சுவரில் அடித்து, கடிகாரத்தை அதில் மாட்டினேன். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்தம்மா ஒரே டேக்கில் பாடி முடித்தார். முழு நேரத்துக்கும் பில் போட்டேன்.

"அந்தத் தம்பி கம்மி பண்ணிக் குடுப்பாரு" என்றார்.

"அவரு இல்லைங்கம்மா. பில் இதான்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டும் கெடவில்லை, பில்லும் கெடவில்லை. இதற்காகவா இரண்டு வருஷம் ஒருத்தனை ஒருத்தன் தின்றோம்? அந்தச் சண்டைக்குச் செலவான நேரத்தை யாரிடம் போய் வசூல் பண்ணுவது?

இப்போதும் டேக் தொடங்குமுன் சிவப்பு விளக்கைப் போட்டதும், என் இடது கை தானாகவே பெண்டுலத்துப் பக்கம் போகிறது. உன் கை மாதிரியே. பிடிப்பதில்லை. பக்கத்தில் போனதும் உன்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு ரெக்கார்டிங்கைத் தொடங்குகிறேன்.