ஓடுபாதையில் துணி காயப்போட்டவர்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானுக்கு இருமல் குறைந்ததா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. விமானத்தில் மருந்து அடிப்பதை நிறுத்தச் சொல்லி உங்கள் வாழைத்தோட்டத்துப் பெண்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. எங்கள் கம்பெனி மேனேஜர் அதை என் மேசையில் போட்டு, "உங்க அக்காதானே?" என்றார். காயில் ஒரு கரும்புள்ளி இருந்தாலும் வெளிநாட்டுக்காரர்கள் கப்பலையே திருப்பிவிடுகிறார்கள். மருந்து இல்லாமல் முடியாது அக்கா. உன் பெயரை மட்டும் எடுத்துவிடு. தோட்டத்தை விட்டுத் தள்ளி உனக்குக் கம்பெனி வீடு கேட்டிருக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

கோபப்படாதே என்று நீ எழுதிய பிறகுதான் கோபமே வந்தது.

நேற்று தொட்டியில் வாழைச்சீப்பு கழுவிக்கொண்டிருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் வந்துவிட்டது. தாருக்கெல்லாம் உறை மாட்டியிருக்கிறீர்கள், எங்கள் தலைக்குத்தான் ஒன்றுமில்லை. எடை போடுகிற பெண், ஏழு மாதம், சுருண்டு விழுந்தாள். வாய்க்கால் மீனெல்லாம் வயிறு தெரிய மிதந்தது, கொக்குகூடத் தொடவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து கேட்டது, "பழப்பெட்டி நனைஞ்சுதா?"

வீடு மாறினால் நான் தப்பிப்பேன். அவள்? பெயரை எடுக்க மாட்டேன்.

அத்தான் இன்னும் இருமுகிறார்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

வம்பை விலைக்கு வாங்காதே. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி மருந்து. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரு. யாரிடமும் சொல்லாதே.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

எல்லாரிடமும் சொன்னேன்.

ஏழு மணிக்கே நாற்பது பேர் ஓடுபாதைக்குப் போனோம். வாளி வாளியாக ஈரத்துணி கொண்டுபோய் நீளத்துக்கும் விரித்து, நடுவில் உட்கார்ந்துவிட்டோம். விமானி இறங்கி வந்து, "எழுந்திரிங்கம்மா" என்றான். "துணி காயட்டும் தம்பி" என்றேன். அந்த வெயிலிலும் சாயங்காலம் வரை எங்கள் துணி காயவே இல்லை, போ! விமானம் நகரவில்லை.

மேனேஜர் வந்து, "நேரம் சொன்னது யாரு?" என்று கத்தினார். நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமையும் போவோம். நீ இனி நேரம் எழுத வேண்டாம். அது என்ன மருந்து என்று எழுது. எடை போடுகிறவளுக்கு இன்னும் கை நடுங்குகிறது. "மருந்து பேர் தெரியாம எப்படிம்மா வைத்தியம் பாக்கறது?" என்கிறார் டாக்டர். கம்பெனியில் கேட்டால், அது ரகசியமாம்.

அக்கா

மார்ச் 26

அக்கா,

மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் உடனே கொடு.

யார் கொடுத்தது என்று மேனேஜர் கேட்டால், இந்த முறை வாயைத் திறந்து சொல்.

உன் தம்பி