நத்தைக்கூட்டுக் குடித்தனம்

அடுப்பில் நத்தைக்கூடுகள் கொதித்துக்கொண்டிருக்கின்றன. சேறும் சுண்ணாம்பும் கலந்த வாடை வீடு முழுக்க. ஜன்னல்களைத் திறந்துவிட்டும் போகவில்லை. "என்னம்மா சமைக்கறே?" என்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டுப் போனாள். இந்த வாடையை முதன்முதலில் உன் வீட்டில்தான் முகர்ந்தேன். அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாய்.

நாம் பழகியது சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில். வீட்டில் மீன் தொட்டி இருப்பதாக நீ சொன்னதும், "என் வீட்டிலும்!" என்று நான் கத்தியதில் முன் சீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். அன்றிலிருந்து மேடவாக்கம் தாண்டும்வரை மீன் பேச்சு, அப்புறம்தான் தூக்கம்.

நம் இருவர் கண்ணும் புளூ ராம் மீன் மேல்தான். விரல் நீளம்கூட இருக்காது, உடம்பெல்லாம் நீலப் பொட்டு. சிக்ளிட் இனத்துக் குள்ள மீன்களில் அதற்கு இணை கிடையாது என்று அடித்துப் பேசுவேன். ஆனால் அது மென்மையான தண்ணீரில் வாழும் மீன். நம் தாம்பரத்து போர் தண்ணீரோ வாளியில் வெள்ளைப் படலம் விட்டுப்போகிற கடின நீர். ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சமாளித்தாய். கோடையில் போர் வறண்டு டேங்கர் வர ஆரம்பித்ததும் ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு குணமாக இருந்தது. உன் ராம்கள் ஒவ்வொன்றாக நிறம் வெளுத்து மிதந்தன.

அதே கோடையில்தான் உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். வேலையை விட்டாய். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வந்தது. நாக்கு வறண்டால் ஓர் ஐஸ் துண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். தொட்டி நீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாய். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாற எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அவ்வளவு கடினம்.

"என் ரிப்போர்ட்டும் மோசம், தொட்டி ரிப்போர்ட்டும் மோசம். ரெண்டும் ஒரே லேப் போலிருக்குடீ" என்றாய். சிரிக்கலாமா என்று தெரியாமல் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

காலித் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்ன அன்று நீ ஒரு முடிவோடு இருந்தாய்.

"தண்ணிய மாத்தறதை விட்டுடலாம். இந்தத் தண்ணி யாருக்குப் பிடிக்கும்னு பார்ப்போம்."

தேடிப் பிடித்தது ஷெல்லி. ஆப்பிரிக்க ஏரி ஒன்றின் கடின நீரில், காலி நத்தைக்கூடுகளுக்குள் குடித்தனம் நடத்தும் குள்ள சிக்ளிட். போனில் படத்தைக் காட்டினாய். பழுப்பு உடம்பு, மங்கலான கோடுகள்.

"இதுவா? கலரே இல்லையேடீ."

"முதல்ல உசுரோட இருக்கட்டும். கலரை அப்புறம் பார்த்துக்கலாம்."



கூடு தேடிப் பள்ளிக்கரணைக்கு ஆட்டோவில் போனோம். காலி மனையொன்றில் வற்றிப்போன குட்டை. நீ குடை பிடித்து நின்று கைகாட்ட, நான் பொறுக்கினேன். ஆட்டோக்காரர் பொறுமையிழந்து இறங்கி வந்தார்.

"இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?"

"நத்தைக்கூடுண்ணா. மீனுக்கு வீடு" என்றாய்.

"மீனுக்கு வூடா? எனக்கே வாடகைக்கு வூடு கெடைக்காம பேஜாரா கீது!"

சொல்லிவிட்டு பேண்ட்டை மடித்துக்கொண்டு அவரும் இறங்கினார். "ஓட்டை இல்லாததா பாத்து எடும்மா, மழை வந்தா ஒழுவும்" என்று எனக்கு அறிவுரை வேறு. நீ சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, ஆட்டோ சீட்டில் போய்ச் சாய்ந்துகொண்டாய்.

ஷெல்லிகள் வந்த மறுநாளே மணலை வாயால் அள்ளித் துப்பி, கூடுகளைப் புதைத்து, எல்லை பிரித்துச் சண்டை போட ஆரம்பித்தன. தொட்டிக்குள் விட்ட உன் கையை ஒன்று கொத்த வந்தது. "யாரு வீடுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு பாரு!" உன் குரலில் அப்படி ஒரு பெருமை.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "தொட்டிய எடுத்துட்டுப் போயிடுங்க சிஸ்டர். மோட்டார் சத்தம் கேட்டா அவ ரூம்ல இருக்கற மாதிரியே இருக்கு."

வாளியோடு போனேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு கூட்டை மெல்லத் திருப்பினேன். கண் மட்டுமே தெரிகிற பொடிக் குஞ்சுகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடின.

"அண்ணா, இங்க வாங்களேன்."

வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வந்து குனிந்தவர் நிமிரவேயில்லை.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காதுண்ணா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இங்கயே இருக்கட்டும். தண்ணிய ஊத்திடுங்க. நான் பார்த்துக்கறேன்."

அதுவரை தொட்டிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். ஆரம்பத்தில் "பச்சையாகவே மாட்டேங்குது சிஸ்டர்" என்று பதறி வீடியோ கால் செய்வார். இப்போது என் தொட்டிக்கு யோசனை சொல்கிறார். சித்திரையில், நீ சிகிச்சைக்குப் போன சென்டரின் காத்திருப்பறையில் ஒரு தொட்டி வைக்கத் தாமே பேசி அனுமதி வாங்கினார். அங்கேயும் குழாய்த் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் தொட்டியையே இறக்கினார். அதே கடின நீர். உன் மீன்களின் பிள்ளைகளை விட்டோம். குடும்பம் பெருகி இப்போது கூடு போதவில்லை. புதுக் கூடுகளைச் சுத்தப்படுத்தத்தான் இந்தக் கொதி.

போன வாரம் அங்கே போயிருந்தேன். ஒரு பெரியவர் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"குட்டிங்க எப்பம்மா வெளிய வரும்?"

"இன்னும் கொஞ்ச நாளாகும் சார். அடுத்த தடவை வரும்போது பாருங்க."

"பார்க்காம விடுவேனா?"

அவர் மனைவி என் காதருகே வந்தார். "டயாலிசிஸே வேணாம், விட்டுடுங்கன்னு போன மாசம் அப்படி அழிச்சாட்டியம் பண்ணாரும்மா."

உன்னைப் பற்றி அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கூட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு என்ன என்று தெரியாதபோதும் ஆவலோடு காத்திருக்க முடியும் என்பதை உன்னிடம்தான் பார்த்தேன். அது என்னோடு இருக்கிறது. உள்ளேயிருந்து நர்ஸ் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். "ஒரு நிமிஷம்மா, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் தொட்டிக் கண்ணாடியை ஒட்டி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.