மூன்று வளையம் போதும்

பங்குனி (மார்ச்) 20, வெள்ளி

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. கடல் பக்கத்தில் இருந்து காற்று. கதவைத் திறந்தால் முதலில் மணல்தான் உள்ளே வருகிறது. கூட்டிக் கூட்டி விளக்குமாறு கட்டையாகிவிட்டது.

இங்கே குடிவந்து மூன்று வாரம். இடத்தின் பெயர் கண்டல்தீவு. தீவு என்பது பாதி உண்மை. மாரி மழைக்குக் களப்பு, அதுதான் கடலேரி, நிறைந்தால் நாலு பக்கமும் தண்ணீர், வள்ளத்தில்தான் வர வேண்டுமாம். இப்போது முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது. முல்லைத்தீவு பஸ்ஸில் இருந்து இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரலாம். ஓடிக்கொண்டு வர முடியாது, சில்லுப் புதையும்.

காணி என் மனைவி மலரின் தாய்வழிச் சீதனம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போனவள், இத்தனை வருடம் கழித்து இரண்டு அறையும் குசினியும் கட்டித் திரும்பியிருக்கிறாள். கூடவே நான், நாற்பத்திரண்டு வயதுப் புதுக்குடியிருப்பாளன். அவளுக்கு இங்கே முன்பள்ளியில் வேலை. எனக்கு என் ஊர் உருத்திரபுரத்தில் வயலும் பம்பு திருத்துவதும். இங்கே வயல் இல்லை. பம்பும் இல்லை! இவ்வளவு கிணறுகள், ஒன்றில்கூடப் பம்பு இல்லை. எல்லாரும் வாளியால் அள்ளுகிறார்கள். பின்தங்கிய இடம்.

ஒப்பந்தத்தை எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிக் கதைக்கக் கூடாது. வருசப்பிறப்புக்குள், அதாவது ஏப்ரல் பதினாலுக்குள், எங்கள் வளவில் சொந்தக் கிணறு, குடிக்கக்கூடிய தண்ணீர். வந்தால் இங்கேயே இருப்பது. வராவிட்டால் அண்ணை டிராக்டர் கொண்டு வருவார், சாமானை ஏற்றிக்கொண்டு உருத்திரபுரம். “குடிதண்ணி இல்லாத இடத்தில குடும்பம் நடத்தேலாது” என்பது அண்ணையின் வாக்கு. மலர் ஓம், சரி என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதுவரை பக்கத்து வளவு ஹமீது நானாவின் கிணறு. கருவாட்டு வியாபாரி, புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தவர், நல்ல மனிதர். தண்ணீர்தான் சாதுவாக, கொஞ்சமே கொஞ்சம், உவர்ப்பு. எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நேற்றிரவு கனவில் உருத்திரபுரத்துக் கிணறு, நான் வாளியோடு வாய் வைத்துக் குடிக்கிறேன்.

பங்குனி 21, சனி

செய்ய வேண்டியவை:
செருப்பை உதறிவிட்டுப் போடுதல் (நேற்று உள்ளே நண்டு).
பத்துக் கத்தரிக் கன்றுக்கும் மாட்டெரு.
முன்பள்ளிக் கதவுப் பூட்டுக்கு எண்ணெய்.
கிணற்றுக்குச் சீமெந்து வளையம் ஆறு.

ஆறு என்று கேட்டதும் ம. குசினியில் இருந்து வெளியே வந்துவிட்டாள். (மலரை இனி ம. என்றே எழுதுவேன், சோம்பல்.)

“ஆறோ? என்னத்துக்கு ஆறு? இஞ்ச மூண்டு காணும்.”

“மூண்டு வளையம் இறக்கினா அது கிணறோ? கோழி குளிக்கிற குழி.”

“எங்கட அம்மா மூண்டு வளையக் கிணத்துத் தண்ணியிலதான் ஏழு பிள்ளையளை வளத்தவா.”

“அவா பாவம், வேற கிணறு பாக்கேல்லைப் போல.”

இதற்குப் பிறகு மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியே கொஞ்சம் உறைப்பு. தற்செயல் இல்லை.

பங்குனி 24, செவ்வாய்

கிணறு தொடங்கினேன். மணலில் வேலை சுலபம். வளையத்தை வைத்து உள்ளே நின்று மண்ணை அள்ளி அள்ளி எறிந்தால் அதுவாகவே இறங்குகிறது. அதற்கு மேலே அடுத்தது. எங்கள் ஊரில் இருபத்தைந்து அடிக்குக் கல்லோடு மல்லுக்கட்டியவனுக்கு இது விளையாட்டு.

மூன்றாவது வளையத்தோடு தண்ணீர். முழங்கால் மட்டும், கண்ணாடி மாதிரி. ம. கையால் அள்ளிக் குடித்தாள், குடித்துவிட்டுச் சிரித்தாள். கலியாணத்தன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லை.

“காணும். மேல வாங்கோ” என்றாள்.

ஹமீது நானாவும் வந்து குடித்தார். “நல்ல தண்ணி” என்றார். ஓரமாகக் கிடந்த மற்ற மூன்று வளையத்தையும் பார்த்தார், தாடியைத் தடவினார், ஏதோ சொல்ல வாய் எடுத்தார், சொல்லாமல் போய்விட்டார். பொறாமையாக இருக்கலாம்.

பங்குனி 25, புதன்

நாலாவது, ஐந்தாவது வளையமும் இறக்கினேன். இடுப்பளவு தண்ணீர். ஆறாவதுக்கு முதுகு மறுத்துவிட்டது. அது முற்றத்தில் கிடக்கட்டும்.

பின்னேரம் என் பழைய பம்பைப் பூட்டினேன். ஒரே இழுப்பில் எடுபட்டது, என் செல்லம். அரை மணித்தியாலத்தில் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தது. சனம் கூடிவிட்டது. தீவில் முதல் பம்பு! வீடியோ எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: டிராக்டர் வேண்டாம், சைக்கிளில் வந்தால் போதும்.

ம. மட்டும் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இவ்வளவு இழுக்கலாமோ?” என்றாள். தண்ணீர் என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தோ என்று கேட்டேன். உண்மையில் அவள் அம்மா வீட்டுச் சொத்து.

பங்குனி 26, வியாழன்

காலைப் பிளேன்ரீ, பால் விடாத தேநீர். ம. ஒரு மிடறு குடித்தாள், கோப்பையை வைத்தாள்.

“சீனி எண்டு உப்பைப் போட்டிட்டன் போல” என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். திரும்பவும் போட்டாள். திரும்பவும் உப்பு. கிணற்றடிக்குப் போய்க் கையால் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கடல்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஹமீது நானா.

“நல்ல தண்ணி மேல மிதக்கிறது தம்பி. கீழ கடல். நீங்க ஆழமாப் போய்த் தட்டி எழுப்பிட்டீங்க. பம்பையும் போட்டு இழுத்தா, அது வராம என்ன செய்யும்?”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே நானா?”

“உங்கட பொஞ்சாதி சொன்னதையே கேக்கல்ல. நான் சொல்லியா கேக்கப் போறீங்க?”

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ம. ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. நாலு வார்த்தை ஏசினால் என்னவாம்?

பங்குனி 28, சனி

தீவு முழுக்கப் பெயர் எடுத்துவிட்டேன். கரைவலை இழுக்க ஆள் காணாது என்று கூப்பிட்டார்கள், போனேன். கயிற்றில் கை வைத்ததும் பின்னால் ஒரு குரல்: “அண்ணை, கருவாடு போடவேணும், உங்கட கிணத்துக்க கொஞ்சம் ஊறவைக்கலாமோ?” சிரிப்பென்றால் சிரிப்பு, வலையே தளர்ந்துபோனது. நானும் சிரித்துவிட்டேன். என்ன செய்வது.

இரண்டு கையிலும் கொப்பளம். பங்காக ஒரு பை சாளை மீன். கரைக்கு வந்த படகு ஒன்றின் இயந்திரம் இருமிக்கொண்டு நின்றது, கழற்றிப் பார்த்துச் சரியாக்கிக் கொடுத்தேன். பம்போ படகோ, எல்லாம் ஒரே சாதி நோய்தான். நாளைக்கு இன்னும் இரண்டு கொண்டு வருவார்களாம்.

இரவு அண்ணையின் போன் கோல். “வீடியோ பாத்தன். வடிவான கிணறு.” உண்மையைச் சொன்னேன். உடனே, “நான் அப்பவே சொன்னனான். பதினாலாம் தேதி டிராக்டரோட வாறன்.”

ம. பக்கத்தில்தான் இருந்தாள். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய மீனையே திரும்பக் கழுவினாள்.

பங்குனி 30, திங்கள்

முன்பள்ளிப் பிள்ளைகள் கீறிய படங்கள் அறைச் சுவர் முழுக்க இருந்தன. மீன், படகு, மூன்று காலுடன் ஒரு மாடு. இன்று வீட்டுக்கு வந்தால் சுவர் வெறுமை. ம. மட்டைப் பெட்டியில் அடுக்கி ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்யிறீர்?”

“சும்மா. ஒதுக்கி வைக்கிறன்.”

உண்மையை எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். வரும்போது மனதில் ஒரு மூலையில், தண்ணீர் வராவிட்டால் நல்லது என்றுதான் இருந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம், என் மேல் பழியும் இல்லை. இன்றைக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்குப் போக விருப்பமில்லை. எப்போது மாறியது தெரியாது. கரைவலையிலா, நண்டிலா, அவள் தண்ணீர் அள்ளிக் குடித்துச் சிரித்ததிலா. எனக்கு இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரே ஹமீது நானாவிடம் போனேன். வெட்கத்தைக் கடலில் போட்டேன்.

“மண்ணாலயே மூடுங்க” என்றார். “அடியில ரெண்டு வளையத்த மூடி, மூணுக்கு வாங்க. பொறகு வாளியால மெல்ல மெல்ல அள்ளி வெளிய ஊத்துங்க. பம்பைக் கண்ணில காட்டாதீங்க. மிச்சம் அல்லாஹ்ட வேல.”

“பதினாலுக்கு முந்திச் சரிவருமோ?”

“அவருக்கு உங்கட கலண்டர் தெரியுமா எண்டு எனக்குத் தெரியாது தம்பி.”

பங்குனி 31, செவ்வாய்

மூடியாயிற்று. தோண்டும்போது எவ்வளவு பெருமையோ, மூடும்போது அவ்வளவு முதுகுவலி. ம. பள்ளியால் வந்து உடுப்பும் மாற்றாமல் பனையோலைக் கடகத்தில் மணல் சுமந்தாள்.

“ஏன் நீர் அண்டைக்கே என்னோட சண்டை பிடிக்கேல்லை?”

“பிடிச்சனான். உறைப்புச் சொதி.”

சித்திரை (ஏப்ரல்) 1 – 4

வாளியால் அள்ளுவது, காலை முப்பது, மாலை முப்பது. ருசி விபரம்:

1 – கடல்.
2 – கடல்தான், ஆனால் கரையோரக் கடல்.
3 – மீன்குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர்.
4 – வயிற்றோட்டத்துக்குக் கரைத்துத் தருவார்களே, அது. ம.வுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு வந்தது, வெளியே காட்டவில்லை.

இதற்கிடையில் படகு இயந்திரம் ஐந்து பார்த்தாயிற்று. முற்றத்தில் கிடக்கும் ஆறாவது வளையம்தான் வருகிறவர்கள் உட்காரும் கதிரை.

சித்திரை 5, ஞாயிறு

மழை! மத்தியானம் இரண்டு மணிக்கு இடியோடு தொடங்கி இரண்டு மணித்தியாலம். வேலிக்கு அந்தப்பக்கம் ஹமீது நானாவின் சத்தம்: “தம்பி! கிணத்துக்கு மருந்து வருது!”

நானும் ம.வும் கிணற்றடியில் நனைந்துகொண்டு நின்றோம். இருவருக்கும் வேலை ஒன்றுமில்லை, சும்மா நின்றோம். உடுப்புக் காயப்போட்டது நினைவே இல்லை. அதுவும் இன்னொரு தரம் தோய்த்த மாதிரி.

சித்திரை 9, வியாழன்

இன்று காலைத் தேநீர் எங்கள் கிணற்றில். இனிப்பு! கொஞ்சமும் உப்பில்லை. இரண்டு கோப்பை குடித்தேன்.

“எப்பிடி?”

ம. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாயிருக்கு” என்றாள்.

ஹமீது நானாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக் குடித்தார். “அல்ஹம்துலில்லாஹ். குடிக்கலாம்.” நல்ல தண்ணீர் என்று சொல்லவில்லை, குடிக்கலாம் என்றுதான் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பம்பைத் துடைத்து எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே. மன்னித்துக்கொள் செல்லம்.

சித்திரை 13, திங்கள்

முறுக்குச் சுட்டது, பயற்றம் பணியாரம் சுட்டது, என் விரலும் சுட்டது. கத்தரியில் முதல் பூ.

அண்ணைக்குக் கோல் எடுத்துத் தண்ணீர் சரி என்றேன். “நீ சொல்லுவாய். நான் குடிச்சுப் பாத்துச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டார்.

மட்டைப் பெட்டி ஒட்டியபடியே அறை மூலையில். “திறக்கலாமே?” என்றேன். “நாளைக்குப் பாப்பம்” என்றாள்.

சித்திரை 14, செவ்வாய்

வருசப்பிறப்பு. விடியத் தலையில் மருத்துநீர் வைத்து எங்கள் கிணற்றிலேயே குளிப்பு. புதுச் சாரம் கட்டினேன். முற்றத்தில் பொங்கல்.

பத்து மணிக்கு டிராக்டர் சத்தம். மண்ணில் இரண்டு தரம் புதைந்து, பத்துப் பேர் தள்ளி, அண்ணை வந்து சேர்ந்தார். டிராக்டர்ப் பெட்டியில் சாமான் கட்டக் கயிறு. அதோடு மூன்று பெரிய தண்ணீர்க் கான்.

“எங்கட கிணத்துத் தண்ணி. பாவமெண்டு கொண்டந்தனான்.”

ஆறாவது வளையத்தில் உட்கார்ந்தார். ம. எங்கள் தண்ணீரில் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தாள். முறுக்குத் தட்டில் கொஞ்சம் சிந்தியது. அண்ணை ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

“டேய், உப்புக் கரிக்குதடா!”

என் கோப்பையைக் குடித்துப் பார்த்தேன். “இல்லையே. இனிப்பாத்தானே கிடக்கு?”

ம. கூரையைப் பார்த்தாள்.

“மலர், கரிக்குதோ?” என்று கேட்டேன்.

“சாதுவா. முதல் நாளே கரிச்சது. நானா வீட்டுத் தண்ணியும் அப்பிடித்தானே.”

“பிறகேன் நல்லாயிருக்கெண்டு சொன்னனீர்?”

“நீங்கள் இனிக்குதெண்டு ரெண்டு கோப்பை குடிச்சியளே. நான் ஏன் அதைக் கெடுக்கிறது?”

அண்ணை எழும்பிவிட்டார். “சரி, விடு. என்ர தண்ணியில ஒரு தேத்தண்ணி போடும் பிள்ளை. இவனுக்கும் குடும். நாக்கு என்னெண்டு தெரியட்டும்.”

கான் திறந்து, கொதிக்க வைத்து, வந்தது. ஒரு மாதமாகக் கனவில் குடித்த தண்ணீர். ஊதி ஊதிக் குடித்தேன். இன்னொரு மிடறு. அண்ணை என் வாயைப் பார்க்கிறார். ம. குசினி வாசலில் நிற்கிறாள்.

“அண்ணை” என்றேன், “குறை நினையாதேங்கோ. இது சப்பெண்டு கிடக்கு.”

“என்னது?”

“உப்புக் காணாது.”

அண்ணை என்னைப் பார்த்தார், ம.வைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். “அப்ப நான் இதில என்னத்தை ஏத்திக்கொண்டு போறது?”

“கருவாடு” என்றது வேலிக்கு அந்தப்பக்கம்.

ம.வைக் காணவில்லை. உள்ளே அறையில் மட்டைப் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிக்கிற சத்தம்.

பின்னேரம் அண்ணை போன பிறகு கானில் மிச்சம் இருந்த தண்ணீர் முழுவதையும் கத்தரிக்கு ஊற்றினேன். மூன்று கால் மாடு பழைய இடத்தில் ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் சரிவாக.