பிக்கப்பின் பிறேக்கும் அம்மாவின் சத்தியமும்

மானிப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி தனோஜனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் கைகாலோடு இருக்கிறோம், இந்தக் கிழமை அதையே பெரிய சுகமென்று எடுத்துக்கொள். அந்தக் குளிருக்குள் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நோய் நொடி இல்லாமல் இருக்கக் கீரிமலையான் துணை நிற்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் இந்த மனுசன் தாளில் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் நான் கத்துவேன், நீ வெட்டிவிடுவாய். தாளைக் கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுத்தானே கிழிக்க வேண்டும். உன் கூட்டாளி கோகுலன் லீவு முடிந்து வியாழக்கிழமை வின்னிபெக் திரும்புகிறான், உன் கையிலேயே தருவதாகச் சொன்னான், அவனை வாசலில் நிற்க வைக்காமல் ஒரு தேத்தண்ணி கொடு. தங்கச்சி கஜானிக்குச் சோதனை கிட்டுகிறது, கணக்கு வருகிறது, சரித்திரம் வரவில்லை, என்னைப் போலத்தான். மழை விட்டபாடில்லை, வெங்காயம் எல்லாம் தண்ணிக்குள் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை அம்மா வழமைபோல விடிய பிக்கப்பில் மரக்கறியை ஏற்றி, சந்தைக்குப் போகிற பெண்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போயிருக்கிறாள். கொக்குவில் பக்கத்து ரயில் கடவையில் ரயிலுக்காகக் கேற் இறக்கியிருந்தது. பிறேக்கை மிதித்திருக்கிறாள். அந்த வண்டியில் இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கும் என்பது உனக்கும் தெரியும். இரண்டாம் தரமும் பிடிக்கவில்லை, மூன்றாம் தரம் பெடல் தரையில் போய் இடித்திருக்கிறது. முன் சில்லுக்குப் போகிற றப்பர்க் குழாய் வெடித்து, பிறேக் ஒயில் முழுவதும் றோட்டில். கியரைக் குறைத்து, ஹாண்ட்பிறேக்கை இழுத்து, பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் வெட்டித் திருப்பியிருக்கிறாள். வாழைகளுக்குள் வண்டி செருகி நின்றதற்குப் பிறகுதான் ரயில் கடந்தது.

எனக்கு அவள் சொன்னது, வாழைக்குள்ளை கொஞ்சம் இறங்கிட்டுது எண்டு மட்டும்தான். பின்னால் ஏறிப் போன வசந்தினி வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சொன்னாள். அண்ணை, உங்கடை மனிசி கத்தேல்லை, நாங்கள்தான் கத்தினது, பூரணமக்கா எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடிச்சு, கடைசியிலை செத்துப்போன புருசனையும் கூப்பிட்டா, ரெயின் போனாப்பிறகு இவ இறங்கிப்போய் வாழைக்காரனிட்டை மன்னிப்புக் கேக்கிறா எண்டாள். சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள், ஆனால் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாள். அம்மாவைக் கேட்டால், நான்தான் ஒழுங்கா மிதிக்கேல்லை என்கிறாள். வெடித்த குழாய்க்கு அவளுடைய கால் என்ன செய்யும்? எங்கள் ஊர் சமதரை, அதுதான் பிரச்சினை. மலைநாட்டில் இந்தப் பிறேக்கோடு ஒருநாளும் ஓடியிருக்க மாட்டார்கள். இங்கே சமாளித்துச் சமாளித்து, அந்தச் சமாளிப்பையே கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த ஒஸ்ரின் பிக்கப்பில், மிதிக்கும்போது சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளுகிற பழைய மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒரே அறை, நாலு சில்லுக்கும் ஒரே லைன். எங்கே ஒழுகினாலும் நாலும் போகும். நான் வாங்கி மேசையில் வைத்திருப்பது இரண்டு அறைச் சிலிண்டர். முன் சில்லுகளுக்கு ஒரு லைன், பின் சில்லுகளுக்கு இன்னொன்று. ஒன்று வெடித்தாலும் மற்றது பிடிக்கும், பெடல் தாழும், கொஞ்சத் தூரம் கூடுதலாக ஓடும், ஆனால் நிற்கும். துளை அளவையும் பழையதற்குச் சரியாகப் பார்த்துத்தான் எடுத்தேன், பெரிதாகப் போட்டால் அவளுடைய காலுக்கு மிதி கல்லாகிவிடும். சிலிண்டரைத் தாங்க ஒரு இரும்புப் பட்டம் வெட்டி, இரண்டு குழாய் வளைத்துப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் படிப்பிக்கிற தொழில்நுட்பக் கல்லூரியில் என்னுடைய பெடியன்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

ஆனால் தொட விடுகிறாளில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நான் அந்த வண்டியின் இன்ஜினை மாற்றிய கோபத்தில் நீ கனடாவுக்குப் போகிற அன்று அவளைக் கூப்பிட்டு, நான் வருமட்டும் அப்பாவை இதிலை ஒண்டையும் மாத்த விடமாட்டன் எண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ எண்டாய். பண்ணினாள். நீ அதை விளையாட்டாகக் கேட்டாயோ வீம்புக்குக் கேட்டாயோ எனக்குத் தெரியாது, அவள் விளையாட்டுக்குப் பண்ணவில்லை. வெடித்த குழாயைக்கூட அதே மாதிரிக் குழாய் தேடிப் போட்டாள். பழுதானதுக்குப் பதில் அதே சாமான் போடலாமாம், வேறை சாமான் போட்டால் சத்தியம் உடையுமாம். வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நான் இரண்டு நட்டை இளக்கினேன். வந்ததும் பொனற்றைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு நட்டிலும் நகப்பூச்சால் கோடு கீறி வைத்திருக்கிறாள், அசைந்தால் கோடு விலகும். அந்த வித்தையை உனக்குக் காட்டித் தந்தவன் நான், அவளுக்குக் காட்டிக் கொடுத்தவன் நீ.

இஞ்சாருங்கோ, என்ரை பிள்ளை ஐசிலை கார் ஓடுறான், நீங்கள் இஞ்சை நட்டைத் திருப்ப அங்கை அவனுக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது எண்டாள். நான் கத்தினேன். படித்த மனுசன் கத்துகிற எல்லாம் கத்தினேன். அவள் அழுதுகொண்டே கோடு சரியாக வருமட்டும் நட்டை இறுக்கினாள். சரி, ஓடாமல் இரு என்றேன். அப்ப பூரணமக்கா கத்தரிக்காயைத் தலையிலை வச்சுக்கொண்டே சந்தைக்குப் போறது எண்டாள்.

உன்னிடம் அவள் ஒருநாளும் கேட்க மாட்டாள். கேட்டால் கடவையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் நீ பயப்படுவாயாம். நீ ஓடுகிற காரில் இரண்டு லைன் இருக்கிறது. சறுக்கினால் பிடிக்கக் கொம்பியூட்டர் இருக்கிறது. உன் அம்மாவுக்கு மட்டும் ஒன்று போதுமா? அந்த வண்டி பழையபடியே இருக்க வேண்டும் என்று அங்கே சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறாயாம். படத்துக்குப் பிறேக் தேவையில்லை, தம்பி.

இன்ஜினை மாற்றியது சரிதான், இப்போதும் சொல்வேன். ஆனால் இதைக் கேள். பழைய சிலிண்டரைக் கிறீஸ் பூசிச் சுற்றி வைக்கிறேன். நீ வந்து திருப்பிப் பூட்டு, பழைய இன்ஜினைத் தேடிப் போட்டாலும் வாய் திறக்க மாட்டேன், வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று நட்டுச் சாவி எடுத்துத் தருகிறேன். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், எங்களை அண்ணன் தம்பி என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதனாலோ என்னவோ நீ எனக்குப் பணிந்ததில்லை, நானும் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். கடிதம் கிடைத்த உடனே அவளுக்குப் போன் எடு. எனக்கு எடுக்க வேண்டாம். கடவைக் கதை உனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே. அம்மா, என்ரை தலையிலை இருந்து கையை எடுங்கோ, அப்பா பிறேக்கை மாத்தட்டும், நான் சந்தோசமாத்தான் சொல்லுறன் எண்டு உன் வாயால் சொல். சந்தோசமாக எண்டு கட்டாயம் சொல். இல்லாவிட்டால் நான் வற்புறுத்திச் சொல்ல வைத்தேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அதுவரைக்கும் நானும் விடிய எழும்பிப் பின்னால் பெண்களோடு ஏறிப் போகிறேன். மடியில், சில்லு உருளாமல் அண்டை கொடுக்கிற வேப்பங்கட்டை. மாஸ்ரர், எங்களுக்கும் படிப்பிக்கப் போறியளோ எண்டு பூரணமக்கா கேட்கிறா. அண்ணைக்கு மனிசியை விட்டிட்டு ஒரு மணித்தியாலம் இருக்கேலாது எண்டு வசந்தினி சொல்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓடுகிற வண்டியை ஒரு கட்டை நிறுத்தாது. வகுப்பில் ஒரு பெடியன் இப்படிச் சொன்னால் வெளியே போ என்பேன். என்றாலும் கொண்டு போகிறேன். கடவை கிட்டும்போது அம்மா ஒருதரம் மிதிப்பாள். அது பிடிக்காது. இரண்டாம் தரம் மிதிக்கும்வரை, பின்னால் இருக்கிற ஒருத்தரும் இப்போது கதைப்பதில்லை.

நீ போகிற றோட்டெல்லாம் உனக்கு நல்ல றோட்டாக அமையட்டும், எங்களுடைய ஆயுளும் சேர்த்து நீ நன்றாக இரு. பனிக்கால ரயரைப் போடப் பஞ்சிப்படாதே. அம்மாவுக்கு எடுக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் பதிலைப் பார்த்திருக்கும்
அப்பா சிவகரன்.